தாங்கலாமென்று நினைத்த வலி

கொழும்பிலிருந்து வந்திருந்த தங்கைக்குப் புறாமலைத் தீவைக் காட்டவென்று ஸுல்பிகா கணவர் கலீலுர் றஹ்மானின் படகில் ஏறினாள். முன்பக்கத்தில் உட்கார வேண்டாமென்று அவர் சொல்லத்தான் செய்தார்; அவள் அங்கேயே உட்கார்ந்தாள். ஓர் அலையில் எழும்பிய படகு தண்ணீரில் அடித்து இறங்கியபோது அவளுடைய முதுகில் ஏதோ நொறுங்கியது.

மூச்சு இளைப்புக்காக வருடக்கணக்கில் குடித்த குளிசைகள் எலும்பை ஏற்கனவே மெலிய வைத்திருந்தன. ஆனாலும் அவள் யாருக்கும் காட்டவில்லை. வாயுப் பிடிப்பு என்றாள். பிள்ளை பெற்றபோதுகூடச் சத்தம் போடாதவள் என்று ஊரான இறக்கக்கண்டியில் அவளுக்குப் பெயர். அதில் அவளுக்கும் கொஞ்சம் பெருமைதான். கட்டிலை விட்டு எழும்ப ஏலாமல் போன பிறகே திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

டொக்டர் நிஷாந்தினி எக்ஸ்ரே படத்தைக் காட்டினார்.

"முள்ளந்தண்டில முன்னுக்கு இருக்கிற இந்த எலும்புக் கட்டைதான் நசிஞ்சுபோச்சு. பின்னுக்கு வளையம். அதுக்குள்ளாலதான் முண்ணாண் எண்ட பெரிய நரம்பு போகுது. ரெண்டையும் சேர்த்துப் பிடிக்க ரெண்டு பக்கமும் சின்னத் தூண் மாதிரி எலும்பு இருக்கு. தூணுக்குள்ளால ஊசியை விட்டு, கட்டைக்குள்ள சீமெந்து வைக்கப்போறம்."

"ஊட்டுக்குப் பூசுற சீமெந்தா?"

"இல்லையம்மா, எலும்புக்கெண்டே செய்யிறது. நீங்கள் முழிப்பாத்தான் இருப்பீங்கள். அசையக் கூடாது. ஆனா வயித்துப் பக்கமோ காலிலயோ மின்னல் மாதிரி இழுத்தா உடனே சொல்லவேணும்."

அவளைக் குப்புறப் படுக்க வைத்து, தோலையும் எலும்பின் மேற்பரப்பையும் விறைக்கப் பண்ணினார்கள். சிறிய சுத்தியலால் ஊசியைத் தட்டுவது உடம்புக்குள் கேட்டது. திடீரென்று விலாவிலிருந்து வயிறுவரை நெருப்பாக ஒரு கோடு ஓடியது. ஸுல்பிகா பல்லைக் கடித்தாள். அசையக் கூடாது என்றதை மட்டுமே மனம் பிடித்து வைத்திருந்தது. அடுத்த தட்டில் கோடு இன்னும் நீண்டது.

"டொக்டர், வயித்துப் பக்கம் இழுக்குது."

அது தன் குரல்தானா என்று அவளுக்கே ஐயமாக இருந்தது. தட்டும் சத்தம் நின்றது.

நிஷாந்தினி எக்ஸ்ரே கருவியை வேறு கோணத்துக்குத் திருப்பித் திரையைப் பார்த்தார். அந்தத் தூண் மிகவும் ஒடுங்கியிருந்தது. ஊசி முண்ணாண் பக்கமிருந்த அதன் உட்சுவரை நெருங்கிவிட்டது. அவர் ஊசியை முழுவதும் வெளியே எடுத்தார். பிறகு தூணுக்கு வெளியே, விலா எலும்புக்கும் அதற்கும் இடையால் சாய்வாகக் கொண்டுபோனார். இந்த முறை எதுவும் இழுக்கவில்லை. திரையில் சீமெந்து கறுப்பாகப் பரவி, கட்டையின் பின்விளிம்பை நோக்கித் திரும்பத் தொடங்கியதும் நிறுத்திக்கொண்டார்.

"முழுக்க நிரப்பத் தேவையில்லை. இது காணும்," என்றார். பிறகு கேட்டார்: "முதல் தரம் இழுக்கேக்கயே சொன்னீங்களோ?"

"இல்ல. தாங்கேலுமெண்டு நெனச்சன்."

"முதல் பார்த்த படத்தில எனக்கு எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சுது. நீங்கள் சொன்னபடியாத்தான் நிப்பாட்டினனான்."

பின்னேரம் ஸுல்பிகா எழுந்து உட்கார்ந்தாள். முறித்துப் போடும் அந்த வலி இல்லை. பழைய நோவு கொஞ்சம் மிச்சமிருந்தது. பார்க்க வந்த கலீலுர் றஹ்மான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நோகுதா?"

இல்லையென்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள்.

"ஓம், கொஞ்சம் நோகுது."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எந்த இடத்தில?" என்று கேட்டார்.