பட்டன் மட்டும்தான் பாக்கி

"ஆப்பிளைத் திரும்ப எடுத்துக்கிட்டுப் போங்க. அவருக்குத் தண்ணியே இறங்கல," என்று பையைக் கொண்டுவந்தவரின் கையிலேயே திணித்தாள் தையல்காரரின் மனைவி. பக்கத்துக் கடைக்காரர் பாவம், ஆஸ்பத்திரி அறை வாசலிலேயே நின்று இரண்டு வார்த்தை வருத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "கொஞ்சம் பதமா சொன்னா என்னம்மா?"

"பதமா சொன்னா உக்காந்துடுவாரு. உங்கப்பா தூங்க வேணாமா?"

முன்பெல்லாம் அவள் இப்படியில்லை. கடையில் அவர் தைப்பார், அவள் காஜா எடுத்துப் பட்டன் வைப்பாள். வருகிறவர்களைச் சமாளிப்பதும் அவள் பாடுதான். துணியை அவர் இன்னும் வெட்டியே இருக்கமாட்டார். "பட்டன் மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாங்க," என்று முகம் மாறாமல் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். தையல்காரனின் நாளை எப்போது வரும் என்று யாருக்குத்தான் தெரியாது? ஐம்பதைத் தாண்டியதும் அந்தச் சிரிப்பு அலுத்துப்போய், பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்றாகிவிட்டது. "இன்னும் கைய வைக்கல. அவசரம்னா வேற கடையப் பாருங்க." அளவெடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பவரிடம், "மூச்சை விடுங்க, அப்புறம் பேன்ட் கிழிஞ்சா எங்களைச் சொல்லாதீங்க." மெஷினுக்குப் பின்னால் அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

மதியம் டாக்டர் இருவரையும் வெளியே கூப்பிட்டு, இன்றைய பொழுது தாண்டுவதே கஷ்டம் என்றார். மகள் சுவரில் சாய்ந்து அழுதாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாகிட்ட சொல்லிடாதம்மா. பயந்துடுவாரு. உன் வாயை நெனச்சாதான் எனக்கு பக்குனு இருக்கு."

"கேட்டா சொல்லுவேன். பொய் சொல்லி ஏமாத்த அவரு என்ன சின்னப் புள்ளையா?"

சொல்லத்தான் நினைத்திருந்தாள். போகிற மனுஷனுக்கும் சொல்லிவிட்டுப் போக ஏதாவது இருக்குமே.

மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது அவர் கண்ணைத் திறந்தார்.

"நீ சொல்லு. வேற யாரும் நேரா பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. எப்ப வீட்டுக்கு விடுவாங்க?"

அவள் வாயைத் திறந்தாள். போர்வைக்கு வெளியே அவருடைய பாதங்கள் தெரிந்தன. மெஷினை மிதித்து மிதித்துத் தேய்ந்த பாதங்கள். போர்வையை இழுத்து அவற்றை மூடினாள்.

"நாளைக்குப் போயிடலாங்க," என்றாள். பல வருஷமாக அவள் கேட்காத அவளுடைய பழைய குரல் அது.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது.

"பட்டன் மட்டும்தான் பாக்கியா?"

அவர் அவள் கையைத் தேடி எடுத்துத் தன் மேல் வைத்துக்கொண்டார். "சரி, சரி," என்றார். மகள் திரும்பி வரும்வரை அந்தக் கையை விடவில்லை.

பொழுது சாய்வதற்குள் அவர் போய்விட்டார்.

மறுநாள் காலை வீட்டில், அவரே தைத்த வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுவிட்டிருந்தார்கள். நடுவில் ஒரு பட்டன் இல்லை. ஊருக்கெல்லாம் தைத்தவர் சட்டை என்றைக்கும் இந்த லட்சணம்தான். சட்டையைப் போட்டுக்கொண்டே வந்து, "ஒரு பட்டன் வச்சு விடேன்," என்று நிற்பார். "கழட்டிக் குடுங்க. குத்திடுமோன்னு பாத்துப் பாத்து வைக்க எனக்குப் பொறுமையில்ல," என்று விரட்டுவாள். அவர் கழற்றமாட்டார். அப்படியே கடைக்குக் கிளம்பிவிடுவார்.

அவள் ஊசியும் நூலும் எடுத்துவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, வண்டி வந்து நிக்குது," என்றார் அவருடைய தம்பி. "இதையெல்லாம் யாரு பாக்கப் போறாங்க? விடுங்க."

"நிக்கட்டும்."

ஊசிக் காது அவள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. மகள் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். ஊசி அவர் மேல் பட்டுவிடாமல் சட்டைக்கு அடியில் இடது கை விரல்களைக் கொடுத்துக்கொண்டு, அவள் பட்டனை வைக்க ஆரம்பித்தாள்.