பேர் சொல்லி ஒரு ஜெபம்

உங்க கூடப் பொறந்தவன வாயாலயே கொன்ன ஒருத்தன், பல வருஷம் கழிச்சு உங்க மேஜை முன்னாடி வந்து, தொப்பியக் கையில புடிச்சுக்கிட்டு உதவி கேட்டு நின்னா, நீங்க என்ன செய்வீங்க?

வைனெல் சிரிச்சா. "உக்காருங்க சார்"னு நாற்காலியக் காட்டினா.

வந்தவன் பேரு ஹாலிஸ் மேபரி. டன்லாப் ஃபெரிங்கற ஆத்தங்கரை ஊர்ல மனநல ஆலோசகர். காலையிலயே காரெடுத்துக்கிட்டு மாநிலத் தலைநகரத்துக்கு வந்திருக்கான், ஒரு கூடை பீச் பழத்தோட. ஆலோசகர்களுக்கு லைசென்ஸ் குடுக்குறதும், தப்புப் பண்ணா தண்டிக்கிறதும் இந்த வாரிய ஆபீஸ்தான். இன்னாருக்கு இன்ன தண்டனைன்னு மெடிக்கெய்டுக்குத் தகவல் அனுப்புறது வைனெல் வேலை. மெடிக்கெய்டுன்னா ஏழைபாழைங்க வைத்தியச் செலவ அரசாங்கமே கட்டுற திட்டம்.

"மேடம், போன வாரம் என் கேஸ்ல தீர்ப்பு வந்துச்சு."

"பாத்தேன். வருஷாவருஷம் போக வேண்டிய பயிற்சி வகுப்புக்குப் போனதாப் பொய் எழுதிக் குடுத்திருக்கீங்க."

"அன்னிக்கு மச்சான் படகு வாங்கியிருந்தான், மீன் புடிக்கப் போயிட்டோம்"னு சொல்லிட்டு அவனே சிரிச்சான். "ரெண்டு வருஷம் கண்காணிப்புன்னு போட்டுட்டாங்க. பரவால்ல. மேல ஒருத்தர் மேற்பார்வை பாத்தா நான் வேலை செய்யலாம். ஆனா உங்க தகவல் போனா மெடிக்கெய்டுக்காரன் விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் காசு தர மாட்டான். என்கிட்ட வர்றதெல்லாம் மீன் ஃபேக்டரி ஜனங்க. அந்தக் காசு நின்னா நான் கடையச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான். மேற்பார்வைக்கு ஆள் புடிச்சு அவர் கடுதாசி வாங்கிட்டா மெடிக்கெய்டுக்காரனும் ஒத்துக்குவான். அதுக்கு ஒரு மாசம் வேணும். நீங்க வழக்கமா ஒரு மாசம் பொறுப்பீங்கன்னு சொன்னாங்க."

வாஸ்தவம்தான். சட்டத்துல தாமதமில்லாம அனுப்பணும்னு இருக்கு. ஆனா அந்த ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒரு மாசம் விட்டுத்தான் அனுப்புவாங்க. யாரும் எழுதி வெச்ச வழக்கமில்ல. வைனெல்லே இதுவரைக்கும் ஒருத்தருக்கும் மாட்டேன்னதில்ல.

"இதுக்கு முன்னாடி உங்க மேல புகார் ஏதாச்சும்?" அவளுக்குத் தெரியும். அவன் வாயால வரட்டும்னு கேட்டா.

"ஒண்ணே ஒண்ணு. ஒரு ஃபேக்டரிப் பையன், குடிகாரன். ஆத்துல விழுந்து செத்துட்டான். அவன் அக்காக்காரி எங்கயோ வெளியூர்ல இருந்துகிட்டு நான் ரகசியத்த வெளிய சொல்லிட்டேன்னு எழுதிப் போட்டா. தள்ளுபடி ஆயிடுச்சு. அவனுக்காக நான் ஜெபம்தான் பண்ணேன் மேடம். ஜெபம் பண்றது தப்பா?"

ஆரின் குடிச்சதே இல்ல. வைனெல்லோட தம்பி அவன்.

நடந்தது இதுதான். ஆரினும் அவன் கூட்டாளி டெல்மரும் போன லாரி கவுந்துச்சு, டெல்மர் செத்தான். ஓட்டினது டெல்மர்னு ஊரே நெனச்சுது. ஓட்டினது ஆரின். தூங்கிட்டான். அத யார்கிட்டயும் சொல்ல முடியாம சோறு எறங்காம கெடந்து, கடைசியில ஹாலிஸ்கிட்ட மட்டும் சொன்னான். அந்த ஊர்ச் சர்ச்சுல சனிக்கிழமை காலையில ஆம்பளைங்க கூடி, பிஸ்கட்டுன்னு அவங்க சொல்ற பன்னும் கறிக்குழம்பும் சாப்புடுவாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி, யாருக்காக ஜெபிக்கணும்னு ஒவ்வொருத்தரா சொல்லணும். தன் முறை வந்தப்ப ஹாலிஸ் கண்ண மூடினான். "ஆண்டவரே, ஆரின நெனச்சருளும். அந்த லாரிய ஓட்டினது தான்தான்ங்கற பாரத்த அவன் சொமக்குறான்." ஆமென்னு எல்லாரும் சொன்னாங்க. மத்தியானத்துக்குள்ள ஊர் பூரா தெரிஞ்சுபோச்சு. டெல்மரோட அம்மா ஃபேக்டரி வாசல்ல வந்து ஆரின் மூஞ்சியில துப்பினா. அந்த வாரமே அவன் பூட்ஸோட ஆத்துக்குள்ள எறங்கினான்.

அடக்கத்துக்கு ஹாலிஸ் வரல. வந்திருந்தா வைனெல்ல இப்ப அடையாளம் தெரிஞ்சிருக்கும். வாரியம் விசாரிச்சப்போ சர்ச்சு ஆம்பளைங்க எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க: நாங்க ஜெபம்தான் பண்ணோம். அதோட ஃபைலக் கட்டி வெச்சுட்டாங்க. கொஞ்ச நாள்ல வைனெல் இதே ஆபீஸ்ல வேலைக்கு மனுப் போட்டா. ஏன்னு புருஷன்கிட்டகூடச் சொல்லல.

"தப்பே இல்ல சார்," வைனெல் சொன்னா. "உங்களுக்காக நானும் ஜெபிக்கிறேன். பேர் சொல்லி ஜெபிக்கவா, சொல்லாம ஜெபிக்கவா?"

"பேர் சொல்லியே ஜெபிங்க மேடம், ஆண்டவருக்கு ஆள் மாறிடப் போவுது!" அவன் கெக்கெக்கேன்னு சிரிச்சு, தொப்பிய மாட்டிக்கிட்டு எழுந்தான். "அப்ப ஒரு மாசம்…?"

"நிம்மதியாப் போங்க."

கதவு சாத்தினதும் பக்கத்து மேஜை ஓசெல்லா நாற்காலியோட உருண்டு வந்தா. அந்த ஆபீஸ்ல ஆரின் கதை தெரிஞ்சது அவளுக்கு மட்டும்தான்.

"அடியே, அந்த ஆளா இவன்?"

"அவனேதான்."

"அப்ப அந்த ஃபைலு எனக்கு வரணும். சொந்தக்காரங்க சமாச்சாரம்னா தொடக் கூடாதுன்னு வருஷா வருஷம் கையெழுத்துப் போடுறோமே, வெறும் பேனா ஓட்டவா?"

"உன்கிட்ட குடுத்தா நீ ஒரு மாசம் விடுவ."

"விடுவேன். எல்லாருக்கும் விடுறோம். அது அவன் மூஞ்சிக்காகவா விடுறோம்? அவன் சோபாவுல உக்காந்து அழுவுதே, அதுங்களுக்காக. வேற எடம் பாத்துக்க நாள் வேணாமா?"

"என் தம்பியும் அதே சோபாவுலதான் உக்காந்து அழுதான்."

ஓசெல்லா கூடையிலிருந்து ஒரு பழத்த எடுத்து மோந்து பாத்துட்டுத் திரும்ப வெச்சா. "உனக்குப் பிடிச்சிருந்தா செய். ஆனா அந்த ஆத்துக்குள்ள இன்னொருத்தன எறக்கிடாத."

"போடி, வேலையப் பாரு."

வைனெல் கம்ப்யூட்டர்ல ஹாலிஸ் மேபரின்னு பேர அடிச்சா. பொய்யா ஒரு எழுத்துக்கூடச் சேக்கல. கண்காணிப்பு, ரெண்டு வருஷம், பொய்ச் சான்று. சட்டம் சொன்னபடி, தாமதமில்லாம. அனுப்புறதுக்கு முன்னாடி கண்ண மூடினா. உதடு அசைஞ்சுது. "ஆண்டவரே, ஹாலிஸ் மேபரிய நெனச்சருளும்"னா. "ஆமென்"னுட்டு பட்டன அழுத்தினா.

நெஞ்சுக்குள்ள என்னமோ குளுந்துச்சு. எத்தனையோ வருஷமா தேடின குளுமை. காசு நிறுத்தின சேதி மெடிக்கெய்டுலேர்ந்து போயிருக்கணும், சாயங்காலம் கெளம்புறதுக்குள்ளயே ஹாலிஸ் மூணு தடவ ஃபோன்ல கூப்பிட்டான். முதல் தடவ கெஞ்சினான். ரெண்டாவது தடவ கத்தினான். மூணாவது தடவ, "நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன்?"னு கேட்டான்.

"நான் ஆரினோட அக்கா"ன்னா வைனெல்.

"உங்களுக்காக ஜெபிச்சேன் சார். பேர் சொல்லித்தான்." ஃபோன வெச்சா. போற வழியில பீச் கூடையக் குப்பைத்தொட்டியில கவுத்தா. வீட்டுல வயிறு நெறையச் சாப்புட்டுத் தூங்கினா.

மறுநாள் காலையில முதல் ஃபோன் டன்லாப் ஃபெரியிலிருந்து வந்துச்சு. மீன் ஃபேக்டரியில வேல பாக்குற ஒருத்தன். ஹாலிஸ் ஆபீஸ் பூட்டியிருக்கு, கதவுல உங்க நம்பர் ஒட்டியிருக்கு, இன்னிக்கு என் முறை, நான் எங்க போறதுன்னு கேட்டான். வைனெல் தலைநகரத்துல இருக்குற ஒரு எடத்தோட விலாசம் சொன்னா. அவன் தன்கிட்ட கார் இல்லன்னான். "உங்க பேரென்ன?"ன்னு வைனெல் கேட்டா. அவன் சொல்லாம ஃபோன வெச்சுட்டான்.