மிதிபலகை

வெயில் இன்னும் தெருவில் இறங்கவில்லை. அதற்குள் மூத்தவள் ஒரு தட்டு நிறையத் தொப்பிகளைச் சோதித்துத் தள்ளியிருந்தாள். செருகு, பொறியைப் பார், பிடுங்கு. செருகு, பார், பிடுங்கு. கட்டைவிரல் தோல் உரிந்து ரப்பரில் ஒட்டிக்கொண்டு வந்தது. பித்தளைப் பொடியும் வெந்த ரப்பரும் பொறியின் காரநெடியும் சேர்ந்து தொண்டையை அறுத்தன. இருமலாமா? இருமினால் ஒரு தொப்பி குறையும், தொப்பி குறைந்தால் கூலி குறையும். அந்தப் பட்டறையில் இருமலுக்கும் முதலாளி விலை வைத்திருந்தான்.

தொப்பி என்றால் தலையில் வைக்கிற தொப்பி இல்லை. மோட்டார் கார் என்ற ஒன்று அப்போதுதான் தெருவில் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியிருந்த காலம். எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி வேண்டும். அந்தப் பொறியைக் கொடுக்கும் பிளக்கின் தலையில் கம்பியைப் பிடித்து வைக்கிற சின்ன மூடிக்குத்தான் பட்டறையில் தொப்பி என்று பெயர். முன்பெல்லாம் கம்பியைத் திருகு போட்டு இறுக்க வேண்டும். வண்டி குலுங்கினால் திருகு கழலும், வண்டி நடுரோட்டில் நிற்கும், கார் வைத்திருக்கும் கனவான் கீழே இறங்கிக் கையில் மசியைப் பூசிக்கொள்வார். பெரிய மனிதர் கை அழுக்காகலாமா? ஆகாதல்லவா? அதனால் வந்தது திருத்திய தொப்பி. உள்ளே பித்தளைக் கவ்வி, வெளியே கெட்டி ரப்பர். அழுத்தினால் டக்கென்று கவ்வும், இழுத்தால் வந்துவிடும். முதலாளி அதற்குக் காப்புரிமை வாங்கி, முதல் தொப்பியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கும்பிடாத குறையாகக் கொண்டாடினான்.

திருகு இருந்த காலத்தில் சோதனை மேஜைக்கு அடியில் நீளமாக ஒரு பலகை கிடந்தது. மேஜையில் ஆறு பெண்கள். அவர்களில் எவள் கால் அந்தப் பலகையை மிதித்தாலும் மேஜை முழுக்கக் கரண்டு நின்றுவிடும். எல்லாக் காலும் எடுத்தால்தான் ஓடும். எல்லாரும் திருகை இறுக்கி முடித்ததும், ஓரத்தில் இருக்கும் மூத்தவள் "கை!" என்று கத்துவாள். "மேலே!" என்று மற்றவர்கள் பதில் கத்துவார்கள். அத்தனை கைகளும் காதுக்கு மேலே போகும், கால்கள் பலகையை விட்டு எழும், வரிசையாக நீலப் பொறி தெறிக்கும். பார்த்தாயிற்றா? மறுபடி மிதி. எவளுக்காவது கண் இருட்டினால், தும்மல் வந்தால், வீட்டில் விட்டுவந்த பிள்ளையின் நினைப்பில் கை தடுமாறினால், ஒரே ஒரு மிதி போதும். ஆறு பேரும் பிழைத்தார்கள்.

மூத்தவளுக்கு அடுத்த இருக்கை இளையவளுக்கு. இளையவள் வேறு யாருமில்லை, மூத்தவளின் கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கொடிக்கயிறு. அந்தக் கயிறுதான் வினை. காய்ந்துகொண்டிருந்த மூத்தவளின் துணியை ஓரமாக ஒதுக்கிவிட்டு இளையவள் தன் ஈரத்துணியைப் போட்டாளாம். அன்றோடு பேச்சு நின்றது. "உங்க சித்திகிட்ட சொல்லு, உப்பு தீந்துபோச்சுன்னு" என்று பிள்ளைகள் வழியாகத்தான் தூது. ஆனால் பட்டறையில் இவள் "கை!" என்றால் அவள் "மேலே!" என்றாக வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டாவது சொல்லியாக வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவே மிச்சமிருந்த பேச்சு அது ஒன்றுதான்.

புதுத் தொப்பி வந்ததும் முதலாளி அதையும் பிடுங்கினான்.

"ஒருத்தி மிதிச்சா மத்தவளுகளும் சும்மா உக்காந்திருக்கணுமா? இது பட்டறையா, சத்திரமா? இப்பத்தான் திருகே இல்லியே. கரண்டு பாட்டுக்கு ஓடட்டும், அவங்கவங்க பாட்டுக்கு மாட்டுங்க."

"ஐயா, தப்பித் தவறி கை பட்டுட்டா?" என்றாள் மூத்தவள்.

"ரப்பரைப் பிடிச்சு மாட்டுனா எப்படிம்மா படும்? பட்டாலும் எறும்பு கடிச்ச மாதிரிதான். அந்தக் கரண்டு ஈயைக்கூடக் கொல்லாது."

"ஈயைக்கூடக் கொல்லாதுங்க" என்றான் மேஸ்திரி. அவனுக்கு ஆமாஞ்சாமி என்று பேர் வைத்தது சும்மாவா?

பலகை கொல்லைப்புறக் கழிவுக் குவியலுக்குப் போயிற்று. "கை, மேலே" என்ற காட்டுக்கூச்சலும் இனிக் கூடாது என்று உத்தரவு. வேலை சுலபமாகிவிட்டதாம், அதனால் தொப்பிக் கூலியும் இறங்கியது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அடிபட்ட மரத்தைப் பற்றி மாங்காய் தின்கிறவனுக்கு என்ன கவலை?

பலகை போய்விட்டது, சரி. கால்களுக்கு யார் போய்ச் சொல்வது? வருஷக்கணக்காக மிதித்த கால்கள். ஒவ்வொரு தொப்பியைப் பிடுங்கும்போதும் எல்லாக் கால்களும் வெறும் தரையை மிதித்தன. "ஏண்டி, எறும்பு நசுக்குறீங்களா?" என்று கேலி பண்ணினாள் சோடாபுட்டி. கண்ணாடி போட்ட அவள் வாயைத் திறந்தால் மேஜையே குலுங்கும். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மறுபடி தரையை மிதித்தார்கள்.

அந்தக் காலையில், வெயில் சன்னல் கம்பிக்கு வந்தபோது, இளையவளின் தொப்பி ஒன்று கவ்விக்கொண்டு வரமாட்டேன் என்றது. காப்புரிமை வாங்கின கவ்வி சில நேரம் அப்படித்தான், உடும்புப்பிடி பிடிக்கும். அவள் பதறவில்லை. பழகின மாதிரி காலை நன்றாக அழுத்தினாள். அழுத்திவிட்டு, ரப்பருக்கு அடியில் விரலை விட்டு நெம்பினாள்.

ஈயைக் கொல்லாத கரண்டுதான். கொல்லவில்லை, கையைத் தூக்கிப் பின்னால் எறிந்தது. பின்னால், கை எட்டுகிற தூரத்தில், பித்தளையைக் குத்தும் அச்சு எந்திரங்களை ஓட்டுகிற தோல்வார் ஒரு மறைப்புமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வார் அந்தக் கையை வாங்கிச் சக்கரத்தில் கொடுத்தது.

"ஐயோ, நிறுத்துங்க! நிறுத்துங்க!"

அந்த அலறலில் மேஜையில் இருந்த மற்ற பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெறும் தரையை ஓங்கி மிதித்தார்கள். அச்சில் நின்ற இளையவளின் புருஷன்தான் ஓடிவந்து இரும்புத் தடியால் வாரைச் சக்கரத்திலிருந்து தள்ளிக் கழற்றினான். அதற்குள் இரண்டு விரல்கள் போய்விட்டன. பலகை இருந்திருந்தால் வார் நின்றிருக்காதுதான், ஆனால் கை அங்கே போயே இருக்காது.

சாயங்காலம் முதலாளி மூத்தவளை அறைக்குக் கூப்பிட்டான். நாற்காலியில் உட்காரச் சொன்னான். அங்கேயே அவளுக்குச் சுருக்கென்றது.

"பாவம்மா அந்தப் பொண்ணு. எனக்கு மனசே கேக்கல."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

"நாளைக்குக் கார் கம்பெனிக்காரங்க வர்றாங்க. சேதி அவங்க காதுக்கும் போயிருச்சு. தொப்பி மேல சந்தேகம் வந்தா எல்லார் பொழப்புலயும் மண்ணு. மேஜையில நீதான் மூத்தவ. அவங்க முன்னால நாலு தொப்பிய மாட்டிக் காட்டு. கேட்டா, அவ கவனக்குறைவுன்னு சொல்லு. உங்க ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னுதான் ஊருக்கே தெரியுமே."

"சொன்னா?"

"சோதனை மேஜைக்கு இனிமே நீதான் மேஸ்திரி."

"அவளுக்கு?"

"கவனமில்லாதவளுக்கு நான் என்னம்மா பண்ணுறது? வைத்தியத்துக்கும் நான், வேலைக்கும் நானா?"

"சொல்லலேன்னா?"

முதலாளி சிரித்தான். "வேலை கேட்டு வாசல்ல தினம் எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு பாத்திருப்பே. உன் கொழுந்தனும் இங்கேதான் அச்சுல நிக்கிறான். யோசிச்சுக்க."

ஒரு நிமிஷம் அவளுக்கு ஆசை வந்தது. மறைப்பானேன்? மேஸ்திரி என்றால் கட்டைவிரல் ஆறும், இடுப்பு நிமிரும். என் துணியை ஒதுக்கினவள்தானே அந்த மகராணி என்று ஒரு பாழும் நினைப்பும் கூடவே வந்தது. அந்த நினைப்போடுதான் வீடு வந்து சேர்ந்தாள்.

இளையவள் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். கட்டுப்போட்ட கை தலையணை பருமனுக்கு இருந்தது. கொழுந்தன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"மிதிச்சேன்... நான் மிதிச்சேன்..." என்று முனகினாள் இளையவள்.

"வந்ததுலேருந்து இதையேதான் சொல்றா அண்ணி. காய்ச்சல் வேகத்துல உளர்றா."

மூத்தவளின் கண் போர்வையின் மறுமுனைக்குப் போயிற்று. போர்வைக்குள் இளையவளின் வலது கால் கட்டில் சட்டத்தை அழுத்தியது. விட்டது. மறுபடி அழுத்தியது.

"உளறல் இல்ல தம்பி" என்றாள். "அவ மிதிச்சிருக்கா. ஒழுங்காத்தான் மிதிச்சிருக்கா. மிதிக்க அங்க பலகைதான் இல்ல. பாவி, கொலைகாரப் பாவி, அதை எடுத்துக் குப்பையில போட்டுட்டு, கவனமில்லைன்னு என் வாயாலயே சொல்லச் சொல்றான்!"

அவள் உட்காரவில்லை. வந்த காலோடு திரும்பி, மேஜைப் பெண்களின் வீடு வீடாகப் போனாள். சோடாபுட்டி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எறும்பு நசுக்குறீங்களான்னு கேட்டேனே, நானும் தானேடி மிதிச்சேன். இன்னிக்கு அவ கை, நாளைக்கு என் கை" என்றாள். பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு மூத்தவளோடு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் காலை கார் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். பளபளக்கும் செருப்பில் பித்தளைப் பொடி ஒட்டாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்கள். மேஜையில் கரண்டு உறுமிக்கொண்டிருந்தது. இளையவளின் இருக்கை காலியாக இருந்தது.

"நேத்து யாருக்கோ அடிபட்டுதாமே?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"கவனக்குறைவுங்க. தொப்பி மேல ஒரு குத்தமும் இல்ல. இந்தம்மா அவளுக்குச் சொந்தக்காரிதான், கேட்டுப் பாருங்க. சொல்லும்மா."

மூத்தவள் கையிலிருந்த தொப்பியை மேஜையில் வைத்தாள். "அவ கவனமாத்தான் இருந்தா. கரண்டை நிறுத்த இங்க ஒரு பலகை இருந்துச்சு. ஐயா அதைப் பிடுங்கிப் போட்டுட்டார். அவ பழக்கத்துல தரைய மிதிச்சிட்டுக் கையை விட்டா. நடந்தது இதான்."

"ஏய்! என்ன பேசுற நீ?"

"ஏய்னு கூப்பிட நான் உங்க வீட்டு நாய் இல்ல" என்றாள் மூத்தவள். எழுந்து நின்றாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"கை!"

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஆமாஞ்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தான். ஐயோ, தனியாக விட்டுவிட்டார்களே என்று மூத்தவள் நினைத்தாள். அப்போது சோடாபுட்டியின் கீச்சுக்குரல் வந்தது.

"மேலே!"

"மேலே!" "மேலே!" மேஜை முழுக்கக் கைகள் எழுந்தன. அச்சுப் பக்கமிருந்து, இந்தக் கூப்பாட்டில் என்றைக்கும் சேராத கொழுந்தனின் கட்டைக்குரலும் "மேலே!" என்றது. அவன் வாரைத் தள்ளிவிட்டிருந்தான். எந்திரங்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. ரப்பர் வேக வைப்பவர்களும் கரிபிடித்த கைகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"கையை இறக்குங்க!" முதலாளி கத்தினான். "இறக்குங்கடா!"

"பலகையப் போடுங்க, இறக்குறோம். வாருக்கு மறைப்புப் போடுங்க. அவ வைத்தியத்தை ஏத்துக்குங்க, அவ இடத்தை அவளுக்கு வைங்க."

"யாருக்கு யாரு சட்டம் போடுறது? என் பட்டறை! என் தொப்பி! என் காப்புரிமை!"

"கை எங்களுதுங்க" என்றாள் மூத்தவள்.

கார் கம்பெனிக்காரர்கள் தொப்பியையும் பார்க்கவில்லை, பொறியையும் பார்க்கவில்லை. அப்புறம் வருகிறோம் என்று நழுவினார்கள். முதலாளி எல்லாரையும் கொல்லை வழியாக விரட்டிக் கதவைப் பூட்டினான். நாளைக்கே வேறு ஆள் வைக்கிறேன், பட்டினி கிடந்து சாவுங்கள் என்று உள்ளேயிருந்து கத்தினான். வெளியே வரும்போது கொழுந்தனும் மூத்தவளும் கழிவுக் குவியலிலிருந்து அந்தப் பலகையை உருவிக்கொண்டு வந்தார்கள்.

முன்வாசலில் கதவை ஒட்டி அதைப் போட்டார்கள். படியில் நெருக்கியடித்து உட்கார்ந்து எல்லாரும் அதன்மேல் கால் வைத்தார்கள். வேலை கேட்டு வந்து நின்ற பெண்களில் ஒருத்தி தயங்கித் தயங்கி, "இது என்ன பலகைக்கா?" என்றாள். சோடாபுட்டி சொன்னாள். இளையவளின் விரல்களைப் பற்றியும் சொன்னாள். கேட்டவள் கதவைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். உள்ளே போகவில்லை. போய்விடவும் இல்லை. எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

வெயில் உச்சிக்கு ஏறியபோது தெருமுனையில் இளையவள் வந்தாள். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். புருஷன் எழுந்து ஓடினான். அவனை ஒதுக்கிவிட்டு நேராக மூத்தவள் முன்னால் வந்து நின்றாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா."

மூத்தவள் தள்ளி உட்கார்ந்தாள். கண்ணை மறைத்த நீரைத் துடைத்துக்கொண்டு அதட்டினாள். "காய்ச்சலோட உனக்கு ஏண்டி இந்த வேலை?"

"கைக்குத்தானே கேடு. கால் நல்லாத்தானே இருக்கு." இளையவள் பலகையில் காலை வைத்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கொடியில உங்க துணி காஞ்சிருச்சு. மடிச்சு வச்சிட்டுத்தான் வந்தேன். ஒத்தக் கையால மடிச்சது, கோணலாத்தான் இருக்கும்."

உள்ளே யாரோ கரண்டைப் போட்டார்கள். ஆமாஞ்சாமியாக இருக்கும். ஆளில்லாத மேஜை பூட்டிய கதவுக்குப் பின்னால் உறுமியது. சட்டென்று எல்லாருடைய காலும் பலகையை அழுத்தியது.

"யாரும் காலை எடுத்துராதீங்கடி" என்றாள் மூத்தவள்.