டீக்கு நன்றி

வாரப் பத்திரிகையில் டிவி விமர்சனம் எழுத ஆரம்பித்து அவளுக்குப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. எந்த மருமகள் எத்தனை தடவை ட்ரே தூக்குகிறாள், முக்கியமான பேச்சு வந்ததும் பெண்களை ஏன் அடுப்படிக்கு விரட்டுகிறார்கள் என்று அவள் எழுதினால், சீரியல் எடுப்பவர்கள் பத்திரிகையைத் தேடி வாங்கிப் படிப்பார்கள்.

யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அண்ணன் வீட்டு மாடியில் குடியிருக்கும் அவள், கீழே இறங்கிவந்து அண்ணியோடுதான் சீரியல் பார்ப்பாள். அண்ணி துணி தேய்த்துக்கொண்டே, "பொம்பள அழுறதுன்னா மூஞ்சியக் காட்டுறான், பேசுறதுன்னா முதுகக் காட்டுறான்" என்று போகிறபோக்கில் ஏதாவது சொல்வாள். அவள் அதை நோட்டில் குறித்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமை அது அவள் பெயரில் அச்சாகிவிடும்.

இப்போது கட்டுரைகள் புத்தகமாக வரப்போகின்றன. முன்னுரையில் 'மாலைதோறும் சூடாக டீ போட்டுக் கொடுத்த அண்ணிக்கு நன்றி' என்று எழுதி, ப்ரூஃபைப் பெருமையாக நீட்டினாள். அண்ணி மத்தியானம் முழுக்க உட்கார்ந்து படித்தாள். முன்னுரையை மேலே வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் சீரியலில் கல்யாணப் பேச்சு நடந்தது. கல்யாணப் பெண்ணை மட்டும் காணோம். சும்மா விடுகிற ஆளா அண்ணி? ஆனால் இஸ்திரிப் பெட்டிதான் போய்வந்துகொண்டிருந்தது, வாய் திறக்கவில்லை. காலையில் கட்டுரை கொடுத்தாக வேண்டும், நோட்டில் ஒரு வரி இல்லை.

"என்ன அண்ணி, ஒண்ணுமே சொல்லலையே?"

அண்ணி சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டாள். "டீ போடுறவளுக்கு சீரியலப் பத்தி என்னம்மா தெரியும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. ப்ரூஃபைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் அண்ணியின் பேச்சு. ஊரில் உள்ள கதாசிரியர்களையெல்லாம் பிடிபிடியென்று பிடித்தவள், தன் பங்குக்கு ஒரு பெண்ணை அடுப்படிக்கு அனுப்பியிருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அங்கேயே நின்று பதிப்பாளருக்கு போன் போட்டாள். அட்டையில் இரண்டு பெயர் வரவேண்டும் என்றாள். அவர் இழுத்தார். அட்டை தயாராகிவிட்டது, அந்தம்மாவை யாருக்குத் தெரியும் என்றார்.

"எனக்குத் தெரியும் சார். பதினோரு வருஷமாத் தெரியும்."

அண்ணி இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நோட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, பேனாவுக்குக் கை நீட்டினாள்.

"இன்னைக்கு நான் எழுதுறேன். நீ போய் டீ போடு. எனக்குச் சர்க்கரை போட்டுடாத."

அண்ணி சர்க்கரை இல்லாமல்தான் டீ குடிப்பாள் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.