மரியாதைக்கு ஒரு திருத்தம்

நாமக்கல்லில் மதுமதி வேலை பார்க்கும் கம்பெனி கோழிப்பண்ணைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறது. நாலு பக்கமும் படுதாவால் மூடிய கொட்டகைக்குள் எந்த வெயிலுக்கு எத்தனை ஃபேன் ஓட வேண்டும், எப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். மனிதன் மறந்தாலும் அது மறக்காது என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். மனிதன் செய்யக்கூடிய மற்ற காரியங்களைப் பற்றி விளம்பரத்தில் ஒன்றும் இல்லை.

இத்தனை நாளாக அதெல்லாம் இங்கிலீஷில்தான் இருந்தது. தமிழில் கொண்டுவர வேண்டும் என்று முதலாளியிடம் ஒற்றைக்காலில் நின்றவள் மதுமதி. ஊருக்கு உபகாரம் செய்யவெல்லாம் இல்லை, வெண்ணந்தூரில் இருக்கும் அவளுடைய பெரியம்மா பாவாயிக்காகத்தான். பண்ணை வேலை முழுக்கப் பாவாயியின் தலையில் விழுந்திருந்தது. ஆனால் கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் பெரியப்பா மருதாசலம் பூட்டுப் போட்டிருந்தார். "இங்கிலீசு பொட்டி, உனக்கெதுக்கு அந்த வம்பு" என்பது அவர் கட்சி. தமிழில் வரட்டும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பாவாயி பதினாறு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டாள். கடைசியில் அவரும் இறங்கி வந்தார். புதுப் பதிப்பைப் பாவாயியே ஏற்றட்டும். ஒழுங்காக ஏறிவிட்டால் அறைச் சாவி அவளுக்கு. அந்தச் சாவிக்காகப் பெரியம்மா எத்தனை வருஷமாக ஏங்கினாள் என்பது மதுமதிக்குத் தெரியும்.

மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைக்கும் இன்ஸ்டாலரை மதுமதியே தமிழாக்கினாள். ஏற்றும்போது பழைய பதிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிடும். அது நின்றால் ஃபேனும் நின்றுவிடும். அதனால் முதலில் சுவரில் இருக்கும் பெட்டியைத் திறந்து சுவிட்சை மேனுவலுக்கு மாற்ற வேண்டும். அப்போது கம்ப்யூட்டர் இல்லாமலே ஃபேன் ஓடும். மாற்றியாயிற்றா என்று இன்ஸ்டாலர் ஒரு கேள்வி கேட்கும். அந்தக் கேள்விதான் கோழிகளின் உயிர்.

போன வாரம் வெண்ணந்தூருக்குப் போய் லேப்டாப்பில் காட்டியபோது பாவாயி ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தாள். படித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இதென்ன சாமி, சுவிட்ச மாற்று, பட்டன அமுத்துன்னு பண்ணையத்தாளுகிட்டப் பேசறாப்புல பேசுது? என்ற ஊட்டுல இருந்துக்கிட்டு என்னையவே ஏவுதா? ஒரு 'ங்க' போட்டா உன்ற பொட்டி தேஞ்சா போயிரும்?"

மதுமதி விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் பெரியம்மா சொன்னது நியாயம் என்று பட்டது. நம் பக்கத்தில் கைக்குழந்தையைக்கூட வாங்க போங்க என்கிறோம். ஒரு யந்திரத்துக்கு என்ன அத்தனை அதிகாரம்?

திருத்துகிற அன்றைக்குப் பார்த்து அவள் லேப்டாப் சர்வீஸுக்குப் போயிருந்தது. வரவேற்பறையில் தூசி படிந்து கிடந்த ஓர் அரதப்பழசான கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். மெயிலிலிருந்து வாசகங்களை அள்ளிப் புது ஃபைலில் போட்டு, மாற்றுங்க, அமுத்துங்க, காத்திருங்க என்று வரிக்கு வரி மரியாதை சேர்த்தாள். சேமித்தாள். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து இங்கிலீஷில் என்னவோ சொன்னது. ஓகே கொடுத்தாள். தமிழ் அப்படியே கண்ணெதிரில் அழகாக நின்றது. ஃபைலை ஆனந்தகுமாருக்கு அனுப்பினாள். கூட வேலை செய்கிற அவன், வெறும் 'ங்க' தானே என்று திறந்துகூடப் பார்க்காமல் இன்ஸ்டாலரில் சேர்த்துவிட்டான்.

இரண்டு நாள் கழித்து, அக்னி நட்சத்திரத்து மத்தியானம், பாவாயி ஃபோன் செய்தாள். பின்னால் ஃபேன்கள் ஓடும் பெரிய இரைச்சல். அதற்குமேல் அவள் கத்திப் பேசினாள்.

"சாமி, உன்ற பெரியப்பன் அறையத் தொறந்து உட்டுப்போட்டுத் தீவனத்துக்கு ராசிபுரம் போயிருக்கறாங்க. அவங்க வாரதுக்குள்ள ஏத்தி முடிச்சுக் காட்டலாம்னு உக்காந்துட்டேன்."

"சரிங்க பெரியம்மா. கேள்வி வந்துச்சுங்களா?"

"வந்துச்சு. எல்லாம் கேள்விக்குறியாத்தான் வந்துச்சு. வரிவரியாக் கேள்விக்குறி. பட்டனு ரெண்டுலயும் அதுதான். கேள்வி கேக்குதுன்னு கேள்விக்குறி போட்டிருக்கறயாட்ட இருக்குதுன்னு மொதப் பட்டன அமுத்திப்போட்டேன்."

அந்தக் குரலில் அப்படி ஒரு பெருமை. மதுமதி என்னவென்று கேட்க வாயெடுப்பதற்குள் ஃபோனில் அந்த இரைச்சல் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பிறகு சுத்தமாக நின்றேவிட்டது. ஃபேன் நின்ற கொட்டகையின் அமைதியை அவள் அதுவரை கேட்டதில்லை. பிறகு ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே குரலாகக் கத்த ஆரம்பித்தன.

"பெரியம்மா! சுவிட்ச மேனுவலுக்கு மாத்துங்க! ஓடுங்க!"

"சுவத்துப் பொட்டி பூட்டியிருக்குது சாமி! சாவி அவங்க அரணாக்கொடில!"

கேள்வியைப் படிக்க முடிந்திருந்தால், சுவிட்ச் பெட்டிச் சாவி இல்லை என்பது அப்போதே நினைவுக்கு வந்து, கணவர் வரும்வரை பாவாயி பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான் விஷயம். அது மதுமதிக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. புரிந்து என்ன பிரயோசனம்? ஃபோனைப் போட்டுவிட்டுப் பெரியம்மா ஓடுவது கேட்டது. அப்புறம் கோழிச் சத்தம் மட்டும்தான். மதுமதி கத்தினாள், கத்திக்கொண்டே இருந்தாள். ஆனந்தகுமார் அவளை வண்டியில் ஏற்றும்போதும் ஃபோன் அவள் காதில்தான் இருந்தது. வழியில் ஆண்டகளூர்கேட் தாண்டுவதற்குள் கத்தல் மெலிந்துவிட்டது. அப்படி மெலிந்ததைத்தான் அவளால் தாங்கவே முடியவில்லை.

போய்ச் சேர்ந்தபோது கொட்டகையின் ஒரு பக்கத்துப் படுதா முழுக்கக் கிழிந்து தொங்கியது. பாவாயி அரிவாளை எடுத்து வெட்டித் தள்ளியிருந்தாள். காற்றுப் பட்ட வரிசைகளில் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. மறுபக்கத்துக் கூண்டுகளில் அசைவே இல்லை. அப்போதுதான் முட்டை வைக்க ஆரம்பித்திருந்த கோழிகள். செத்துக் கிடந்தவற்றின் அடியில்கூட அன்றைய முட்டை இருந்தது.

மருதாசலம் வந்துவிட்டிருந்தார். பாவாயி வாசற்படியில் வியர்வை வடிய உட்கார்ந்திருக்க, அவளைத் தாண்டிப் போய் கம்ப்யூட்டர் அறைக் கதவைச் சாத்தப் போனார். கையில் பூட்டு இருந்தது.

"இருங்க பெரியப்பா, ஒரே நிமிசம்" என்று மதுமதி உள்ளே ஓடினாள்.

திரை முழுக்கக் கேள்விக்குறி. பார்த்த உடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. இது அவள் படித்த படிப்பின் முதல் பாடம். கம்ப்யூட்டருக்குள் எழுத்தெல்லாம் எண்தான். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்கிற கணக்கில் பல வகை உண்டு. பழைய வகையில் தமிழுக்கு இடமே கிடையாது. அந்த வகையில் சேமித்தால் கம்ப்யூட்டர் இடமில்லாத எழுத்து ஒவ்வொன்றையும் அழித்துவிட்டு அங்கே ஒரு கேள்விக்குறியை நட்டுவிடும். அழிப்பதற்கு முன்னால் ஒருமுறை கேட்கும். இப்படிச் சேமித்தால் எழுத்தெல்லாம் போய்விடும், சம்மதமா என்று கேட்கும். வரவேற்பறைக் கம்ப்யூட்டரில் வந்த அந்தச் சின்னப் பெட்டி கேட்டது அதைத்தான். திரையில் தமிழ் அப்படியே நின்றது, சேமித்த ஃபைலில்தான் போயிருந்தது.

வெளியே வந்தாள். பெரியப்பா கையிலிருந்த பூட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியம்மா மேல தப்பில்லீங்க. நான் பண்ணுன தப்புங்க. 'ங்க' சேக்கறப்ப என்ற பொட்டியும் என்னைய ஒரு கேள்வி கேட்டுச்சு. நான் சரின்னு அமுத்திப்போட்டேன்."

பாவாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்கும் கேள்விக்குறியா வந்துச்சா சாமி?"

"இல்லீங்க பெரியம்மா. எழுத்தாத்தான் வந்துச்சு."

"படிக்கற மாதிரியா?"

"ஆமாங்க."

பெரியம்மா திட்டியிருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். மதுமதி அதற்குத் தயாராகத்தான் நின்றாள். பாவாயி முகத்தில் கோபம் துளிகூட இல்லை. செத்த கோழிகளைப் பார்த்தபோதுகூட அவள் இப்படித் திகைத்திருக்க மாட்டாள்.

"அப்பறம் ஏன் சாமி படிக்கல?"