ஏணியில் கட்டிய சேலைத்துணி

"ஏட்டி, ஏறாத! உன்னையும் சேத்துத் தள்ளிரும்."

வண்டிக் கூரையிலிருந்து திரவியத்தின் குரல் பாதி மூச்சாக வந்தது. பின்பக்க ஏணியில் ஒரு கால் வைத்திருந்த ரத்னாபாய் அப்படியே நின்றாள். பொன்முடிக்குப் போகிறவர்களின் கூடாரத்தை மேலே கட்டிக்கொண்டிருந்த மனுஷன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சாய்ந்துவிட்டார்.

கட்டில், அடுப்பு எல்லாம் வைத்த அந்தச் சுற்றுலா வண்டியை அவர் தினமும் துடைத்து மினுக்குவார். ஏணியை மட்டும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. கீழ் போல்ட் கழன்று விழுந்தபோது அவளுடைய பழைய சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். "நான் ஒருத்தன்தான ஏறுதேன், இது போதும்" என்றார். அவளும் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தாள். சொன்னால் கேட்கிற பிறவியா அது?

பக்கத்து வீட்டு மைதீன் ஓடி வந்து ஏறினான். பாதியில் மேல் திருகுகள் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தன. குதித்துவிட்டான்.

"இதுல அண்ணனத் தூக்கிட்டு எறங்க முடியாது அக்கா. ஃபயர் ஃபோர்ஸ விளிச்சாச்சு. ஹைவேல பிளாக்காம். நான் போய் வேற ஏணி பாத்துட்டு வாரேன்."

ரத்னாபாய் வண்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"என்னங்க, வெள்ளம் வேணுமா?"

"தா."

பாட்டிலை நிறைத்து வந்து மேலே எறிந்தாள். அது கூரையில் உருண்டு மறுபக்கம் விழுந்தது. இத்தனை பக்கத்தில் இருந்தும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க முடியவில்லை.

"ஏட்டி, நிக்கியா?"

"நிக்கேன்."

"போயிராத."

அதற்குப் பிறகு அவள்தான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மைதீன் ஏணியோடு வந்தபோது சங்கு ஒலித்துக்கொண்டு தீயணைப்பு வண்டியும் வந்தது. இறக்கிப் பார்த்தவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் உதட்டைப் பிதுக்கினார்கள்.

வீட்டுக்குள் கிடத்தியபின் எதிர்வீட்டு ஆவுடைத்தாய் அவள் தோளைத் தொட்டாள்.

"அக்கா, அண்ணனுக்கு வாய் தொறந்திருக்கு. தாடையக் கட்டணும். துணி இருந்தா கொண்டாங்க."

பீரோவைத் தாண்டி நடந்தாள் ரத்னாபாய். வாசலில் இறங்கி வண்டியின் பின்னால் போய்க் குந்தினாள். எல்லாம் பிய்ந்த ஏணியில் அந்தக் கட்டு மட்டும் அசையாமல் இருந்தது. நகத்துக்கு மசியவில்லை, பல்லால் கடித்து இழுத்தாள்.

முடிச்சு அவிழ்ந்ததும் ஏணி மெல்லச் சாய்ந்து அவள் தோளில் வந்து நின்றது. அவள் அதை இறக்கி வைக்க யாரையும் கூப்பிடவில்லை. மடியில் துணியை விரித்து, அதில் ஒட்டியிருந்த துருவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.