பதினோராவது நொடி

...பத்து வரைக்கும் எண்ணிவிட்டுத்தானே எழுந்தாள் அன்றைக்கு, ஒன்று இரண்டு மூன்று என்று வாய்க்குள்ளேயே, பூசின மூலையில் ஈரம் மின்னியது உண்மைதான், ஆனால் சொட்டு விழவில்லையே, விழுந்திருந்தால் விட்டிருப்பாளா, பத்தொன்பது வருஷமாகக் கம்பெனியில் லீக் டெஸ்டில் நிற்கிறவள், காற்றடைத்துத் தண்ணீரில் முக்கின பீஸிலிருந்து கடுகளவு குமிழி வந்தாலும் சிவப்புப் பெயிண்டைத் தொட்டு ஒதுக்குகிறவள், சொந்த வீட்டில் ஒழுகுவதை விட்டுவிடுவாளா... மாதேஸ்வரி முட்டிபோட்டு, மீன்தொட்டி ஸ்டாண்டுக்குள் தலையை நுழைத்திருந்தாள். நைட்டி முழங்காலோடு நனைந்து ஒட்டியிருந்தது. மேலே நான்கடித் தொட்டி, கீழே மரக்கதவுக்குள் சம்ப், அதாவது மேல்தொட்டி அழுக்குத் தண்ணீர் குழாயில் இறங்கி, பஞ்சிலும் கல்வளையங்களிலும் புகுந்து தெளிந்து, மோட்டாரில் ஏறி மறுபடி மேலே போகிற கண்ணாடிப் பெட்டி. அதன் இடது மூலையிலிருந்து இப்போது தண்ணீர் வந்துகொண்டிருந்தது, சொட்டாக இல்லை, நூலாக. ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது, மாதாந்திரப் பராமரிப்பு, நாலு மணிக்குத்தான் வரும். மோட்டார் நின்றால் மேலே இருக்கிற தண்ணீர் கொஞ்சம் கீழே இறங்கும், எப்போதும் இறங்குவதுதான், சம்ப் விளிம்பு வரை நிறையும், அந்தக் கனத்தை இன்றைக்கு அவள் பூசிவைத்த மூலை தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவளுக்கு வார லீவு என்பதால் வீட்டில் இருந்தாள், இல்லாவிட்டால்... இல்லாவிட்டால் என்ன, மத்திகிரி முழுக்க மீன் வாசம் அடித்திருக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆஸ்கார் மீன், கறுப்பு உடம்பில் தணலைச் சிந்தினதுபோல் ஆரஞ்சு, இரண்டு கையாலும் ஏந்த வேண்டிய பருமன். பெயர் மகள் சுவேதா வைத்தது, ஒரு வேலையும் செய்யாது, செய்றவங்களையே பாத்துக்கினு இருக்கும், அதான்மா, என்று. எட்டாவது படிக்கும்போது கட்டைவிரல் நீளத்தில் கவரில் வாங்கிவந்தாள், இப்போது அவளுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, அங்கேயே பி.ஜி. ஹாஸ்டலில் ஒரு கட்டில், மீன் மட்டும் இங்கே. எல்லை தாண்டி ஒரு மணி நேரம், அவ்வளவுதான் தூரம், இரண்டரை மாதமாக அந்த ஒரு மணி நேரத்துக்கு அவளுக்கு வழியில்லை. கெலமங்கலத்துப் பையன் ஜாதகம் வந்ததும், இவள் அதை நல்ல இடம் என்றதும், அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனதும்... தினமும் சாயங்காலம் போன் மட்டும் வரும். தீனி போட்டியா, பஞ்சு கழுவினியா, தண்ணி மாத்தினியா. நீ சாப்பிட்டியா என்று இவள் கேட்டால், ம், என்று ஒரு எழுத்து. இந்த மீன் செத்துப்போனால் அந்தப் போனும்... அதற்கு மேல் நினைக்காமல் மாதேஸ்வரி பக்கெட்டை இழுத்தாள்.

தண்ணீரை விடக்கூடாது, அதுதான் முதல் வேலை. குழாயில் வருகிற ஒகேனக்கல் தண்ணீரில் மருந்து வாடை, போர் தண்ணீரில் உப்பு, இரண்டையும் அப்படியே ஊற்றினால் மீன் தாங்காது, பழகின பழைய தண்ணீர்தான் அதற்கு உயிர். சொம்பால் மொண்டு மொண்டு இரண்டு பக்கெட், ஒரு அண்டா, துணி ஊறவைக்கிற டப்பா, குக்கரில்கூட ஊற்றினாள். கல்வளையங்களைக் காயவிடாமல் பழைய தண்ணீரிலேயே போட்டாள், அதில் நல்ல கிருமி இருக்கிறதாம், அழுக்கைத் தின்னுமாம், மகள் சொன்னது. மகள் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கிறதே, மாப்பிள்ளை வேண்டாம் என்று சொன்னபோது அது மட்டும் ஏன் காதில் ஏறவில்லை... ஒன்று இரண்டு மூன்று... கோணியைச் சுருட்டி மூலையில் அணை கட்டினாள், தண்ணீர் அதையும் நனைத்துக்கொண்டு சுவரோரம் ஓடியது, அதே நேரம் படிக்கட்டில் செருப்புச் சத்தம்.

வீட்டுக்காரம்மா சாந்தம்மா. கீழ்வீட்டிலிருந்து ஏறி வந்த மூச்சு வாங்கலோடு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஏமம்மா மாதேசு, உன் மீனு மேல குளிக்குது, நான் கீழ குடை பிடிச்சிக்கினு ஒக்காரணுமா?"

"இதோ தொடைச்சிடறன்கா. சம்ப்பு விட்டுடுச்சி."

"நான் அன்னிக்கே சொன்னன், மேல்மாடில இத்தினி தண்ணி வேணாம்னு. உம் பொண்ணு தேனாட்டம் பேசி ஒத்துக்க வெச்சா. எங்க அவ? இப்பல்லாம் காணவே காணமே."

வேலை ஜாஸ்திக்கா என்று சொன்னாள், சொன்ன வாயே கசந்தது. வேலை ஜாஸ்தியா, அம்மாவே ஜாஸ்தியாகிவிட்டாளா. சாந்தம்மா ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள், பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாப்பை எடுத்தாள், திட்டிக்கொண்டே துடைத்தாள், துடைத்துவிட்டு மறுபடி திட்டினாள். சுவரில் ஊறி என் சாமி ரூமுக்கு வந்தால் அப்புறம் வேற வீடு பாத்துக்க, என்று போகும்போது சொன்னதை மாதேஸ்வரி பாதிதான் காதில் வாங்கினாள். அவள் கண் ஏர்பம்ப் மேலே இருந்தது. பேட்டரியில் ஓடுகிற சின்ன பம்ப், அது விட்டுக்கொண்டிருந்த குமிழிகள் மெலிந்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி கூடிக்கூடி, நின்றே போயின. சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லியிருந்தாள் சுவேதா. போடவில்லை. குமிழி வந்தால் ரிஜெக்ட் என்று பத்தொன்பது வருஷம் பார்த்தவள், குமிழி வரவில்லையே என்று பார்த்து நிற்பாள் என்று யார் நினைத்தது.

காலையில் போனில் சொன்னபோது மகள் கேட்டது ஒன்றுதான். எந்த மூலைம்மா, மோட்டார் பக்கமா, சூப்பர்வைசர் எப்படி இருக்குது. பயந்து கெடக்குதுடி, என்றாள் இவள், அது மீனா இவளா என்று தெரியவில்லை. அக்வேரியக் கடை முனிவேல் அண்ணனுக்கு நான் போன் பண்றேன், கடையில ரெடி சம்ப்பு இருக்கும், அவரு எடுத்துக்கினு வரட்டும், நீ எதையும் பூசாத, மத்தியானம் லீவு போட்டுட்டு நானே வர்றேன்... நானே வர்றேன். அந்த இரண்டு சொல்லைக் கேட்டபோது நெஞ்சுக்குள் ஏதோ தளர்ந்ததே, தண்ணீர் காலடியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அது என்ன... புருஷன் வெங்கட் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு பூனா போயிருக்கிறான், அவனிடம் சொன்னால், ஒரு மீனுக்கா இத்தனை அமர்க்களம் என்பான். மீனுக்குத்தான். வேறு எதற்கு. சொம்பில் மொண்டு கை எட்டும் உயரத்திலிருந்து தொட்டிக்குள் ஊற்றினாள், விழுகிற தண்ணீரோடு காற்றும் போகட்டும். பத்து சொம்பு, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி பத்து. தோள்பட்டை இற்றுப்போனது. ஆறாவது தடவை நிமிர்ந்து பார்த்தபோது மீன் நிமிர்ந்து நீந்தவில்லை. அடியில் மணலின்மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தது, ஒரு கண் மேலே, வாய் லேசாகத் திறந்து.

முனிவேல் ஒரு மணிக்கு ஆட்டோவில் வந்தான், புது சம்ப்பைக் கம்பளியில் சுற்றிக் குழந்தையைப்போல் தூக்கிக்கொண்டு. "அய்யோன்னு நிக்காதக்கா, ஆஸ்கார் அப்டித்தான், கோவம் வந்தா படுத்துக்கும். செத்தது மாதிரியே கெடக்கும். நல்லா நடிக்கும்." கோபமா, யார்மேல். அவன் பேட்டரி பம்ப் ஒன்றைத் தொட்டிக்குள் போட்டான், குமிழி கொத்தாக எழுந்தது, மீன் செவுள் அசைந்தது, அவளும் அப்போதுதான் மூச்சு விட்டாள். பழையதை ஒட்டிக் கொடுக்க முடியாதா என்றதற்கு, ஒட்டினா ரெண்டு நாளு காயணும்கா, அது வரைக்கும் இவரு தாங்க மாட்டாரு, என்று மீனைக் காட்டினான். குழாயைக் கழற்றி, பழைய சம்ப்பை இருவருமாக வெளியே இழுத்து, வெளிச்சத்தில் வைத்தபோதுதான் அந்த மூலையைப் பார்த்தான். சாம்பல் நிறத்தில் தடிப்பாக ஒரு பூச்சு.

"இது என்னாக்கா இது?"

"சீலண்ட். கம்பெனி லைன்ல மிச்சம் ஆனது. மூணு வாரம் முன்ன கொஞ்சம் ஈரமா இருந்திச்சி, பூசினேன்."

"இன்ஜினுக்குப் போடறதைக் கொண்டாந்து மீனுக்குப் போட்டிருக்கிறியே. ஒசூருக்காரங்களுக்கு எல்லாமே ஆட்டோ பார்ட்ஸ்தான்." சிரித்தான், நகத்தால் கிள்ளினான், பட்டையாக உரிந்து வந்தது. "அது கூட போவட்டும். வெளிப்பக்கம் பூசினா எப்டிக்கா நிக்கும்? தண்ணி உள்ளார இருந்து தானே தள்ளுது. நீ லீக் டெஸ்ட்ல இருக்கிறவதானே, உனக்குத் தெரியாததா?"

தெரியாததா. புதிதாகச் சேருகிற பெண்களுக்கு முதல் நாள் அவள் சொல்லிக்கொடுப்பதே அதுதானே, அழுத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் அடை, மறுபக்கம் அடைத்தால் அது கண்துடைப்பு... தெரிந்த கைதானே பூசியது, வெளிப்பக்கம், அவசரம் என்று நினைத்தாளா, தண்ணீரை இறைக்கச் சோம்பலா. என்ன நினைத்தாள் அப்போது. ஜாதகம் வருவதற்கு முன்னால், மாசியில் ஒரு தடவை மீன் தீனி எடுக்கவில்லை என்று சொன்னபோது, அடுத்த பஸ்ஸில் வந்து நின்றாளே சுவேதா, இரண்டு நாள் இருந்தாளே, ஒரே தட்டில் சாப்பிட்டார்களே... முனிவேல் என்னவோ கேட்டான், ஆமா என்றாள், அவன் மறுபடி கேட்டான், பழைய தண்ணியை எங்க வெச்சிருக்கக்கா. குக்கரைக் காட்டினாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

மூன்றரைக்குள் புது சம்ப் உட்கார்ந்தது, வளையங்கள் இடம் மாறின, பழைய தண்ணீர் அதில் நிறைந்தது. அடியில் நியூஸ்பேப்பரை விரித்துவிட்டுப் போனான் முனிவேல், ஈரம் பட்டா எழுத்து கறுத்துக் காட்டிடும்கா, கரண்ட் வந்து மோட்டாரு ஓடினதும் ஒருக்கா பாரு, என்று. நாலே காலுக்குக் கரண்ட் வந்தது. மோட்டார் முனகி, இழுத்து, ஓடியது. மேலே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டதும் சூப்பர்வைசர் மெல்ல நிமிர்ந்தது, ஒன்றுமே நடக்காததுபோல் கண்ணாடியருகே வந்து நின்று அவளைப் பார்த்தது. மாதேஸ்வரி மறுபடி முட்டிபோட்டாள், சொம்பு இன்னும் கையிலேயே இருந்தது, காகிதத்தைப் பார்த்தாள், ஒன்று, இரண்டு... ஐந்து... பத்து. காய்ந்து வெளுப்பாக இருந்தது, ஒரு எழுத்துகூடக் கறுக்கவில்லை. பாஸ். பச்சைப் புள்ளி. போன் அடித்தது.

"மா, கரண்ட் வந்துடுச்சா? ஓடுதா? ஒழுகுதா?" பின்னால் ஹாரன், கன்னடத்தில் யாரோ கத்துகிறார்கள். "சந்தாபுரால நிக்கிறேன், ரெண்டு பஸ்ஸு நிக்காமலே போயிடுச்சு. ஒழுகறது நின்னுடுச்சின்னா சொல்லுமா, நான் திரும்பிப் போயிடறேன், ஏழு மணிக்கு ஆபீஸ் கால் ஒண்ணு இருக்குது. சனிக்கிழமை பாக்கலாம்."

"இரு, பாத்துச் சொல்றேன்," என்றாள். பார்த்துவிட்டதைப் பார்க்க என்ன இருக்கிறது. ஆனாலும் பார்த்தாள், இந்தத் தடவை பத்தில் நிறுத்தவில்லை... கம்பெனியில் பத்து நொடியோடு டெஸ்ட் முடிந்தது, பீஸைப் பிடித்திருக்கிற கிளாம்ப் திறந்துவிடும், பதினோராவது நொடியில் வருகிற குமிழிக்கு யாரும் பொறுப்பில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் பத்து எண்ணி எழுந்தாளே, எழும்போது காதில் விழுந்ததே, டப் என்று ஒரு சின்னச் சத்தம், அது என்னவென்று அவளுக்குத் தெரியாமலா இருந்தது. குனிந்திருந்த முழங்கையிலிருந்து ஒரு சொட்டு உருண்டு காகிதத்தின்மேல் விழுந்தது. எழுத்து கறுத்து, ஓரம் ஓரமாகப் பரவியது.

"மா? என்னா, முனிவேல் அண்ணன் விரிச்ச பேப்பரு காஞ்சிருக்குதா?"

"ஈரமா இருக்குதுடி," என்றது வாய்.

"தொடைச்சிடாத," என்றாள் சுவேதா, "அப்டியே இருக்கட்டும், எங்கருந்து வருதுன்னு நான் வந்து பாக்கறேன். பஸ்ஸு வருது, வைக்கிறேன்."

அத்திப்பள்ளி தாண்டி, ஒசூரில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து வர ஒரு மணி நேரமாவது ஆகும். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. காகிதத்தில் அந்தக் கறுப்பு வட்டத்தின் ஓரம் அதற்குள்ளேயே வெளுக்க ஆரம்பித்துவிட்டது, மாதேஸ்வரி அதைப் பார்த்தாள், கையிலிருந்த சொம்பைப் பார்த்தாள், அதில் அடியில் கொஞ்சம் தண்ணீர் மீதி இருந்தது.